பங்குனியில் கவாத்து

என் மாமனார் வேங்கடாசலம் என்னை மண்வெட்டிக் காம்பால் அடித்தது மல்லிக்காகத்தான். கடலை போடுகிற நிலத்தில் பூச்செடி வைத்துவிட்டேனாம். இடது தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டு ஒரு மாதம் கையைக் கழுத்தோடு துணியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். கட்டு அவிழ்த்த மறுநாள் அதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மிச்சக் குழிகளைத் தோண்டினேன். அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை கை ஓங்கினால் நானும் ஓங்குவேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆள் என்னைத் தொடவில்லை.

அப்படி வந்த தோட்டம் அது. பாலசமுத்திரத்தில், தெலுங்கு மாநிலத்துக்குள், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நாற்பது சென்ட். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லாரியில் வந்த நாற்று, எண்ணூறு செடி. பதினோரு வருடம் ஆகிறது. என் புருஷன் சந்திரன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர். சாது. வீட்டில் பூனை படுத்திருந்தால்கூட ஒதுங்கித்தான் உட்காருவார். சின்ன வயதில் அப்பனிடம் வாங்கிய அடி அவரை அப்படி ஆக்கிவிட்டது. அதே அடி அவர் தம்பி கமலக்கண்ணனை வேறு மாதிரி ஆக்கியது. பதினாறு வயதில் அவன் அப்பன் கையைக் கடித்து வைத்துவிட்டு நகரிக்கு ஓடிப்போனான். பவர்லூம் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மஞ்சுவைக் கட்டிக்கொண்டு, சொந்தமாக நாலு தறி போட்டான். ஊர்ப்பக்கம் வருவது வருடத்துக்கு ஒருமுறை, கங்கம்மா ஜாத்திரைக்கு. அப்போது மல்லி பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். அவன் ஓடிப்போன காலத்தில் ஊரில் எல்லாம் கடலைதான்; அவன் பார்த்த மல்லியெல்லாம் அந்த மல்லிதான்.

நான் பார்க்கிற மல்லி வேறு. பூ ஓய்ந்து, மழையும் விட்ட பிறகு, கார்த்திகையில் கவாத்து செய்ய வேண்டும். தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப்போட வேண்டும். பிறகு எல்லாக் கிளையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளி, மிச்சம் இருக்கிற இலையையும் உருவிப் போட்டு, தூரைச் சுற்றி மண்ணைத் தோண்டி வேருக்கு நாலு நாள் வெயில் காட்ட வேண்டும். தூர் என்றால் செடி மண்ணிலிருந்து கிளம்புகிற இடம். அதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேலே என்ன செய்தாலும் தாங்கும். பாவம் பார்த்து விட்டுவிட்டால் அடுத்த வருடம் இலை இருக்கும், பூ இருக்காது. எனக்குப் பிடித்த வேலை அது. கோபக்காரிக்கு ஏற்ற வேலை. மாமனாரை நினைத்துக்கொண்டு வெட்டுவேன், வெட்டு சுத்தமாக விழும்.

அவர் போன ஆவணியில் செத்தார். காரியம் முடிந்ததும் நிலத்தைப் பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம், அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தைக் கொழுக்க வைத்துப் பிரித்தால் அதைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதால் பிரிக்கிறவன் ஒழுங்காகப் பிரிப்பான். என் புருஷனும் ஒழுங்காகத்தான் பிரித்தார். வடக்கே மல்லி, தெற்கே ஒன்பது மாமரம் நிற்கிற நாற்பது சென்ட், கிணறு பொது. கார்த்திகை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை வைத்து முடித்துக்கொள்வதாகப் பேச்சு.

அதற்கு இருபது நாள் முன்னால் மஞ்சு போன் செய்தாள். வெகுளி அவள், எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

“அக்கா, எங்க அண்ணன் புத்தூர்ல பூக்கடை வெச்சிக்கீறாரு இல்ல, அதனால இவரு மல்லிப் பக்கம்தான் எடுக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு.”

“எடுத்துக்கட்டும், இன்னா இப்போ” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் இருந்த சோற்றுக் குண்டானை அப்படியே தூக்கி முற்றத்தில் அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே ஓடியது.

ஷிப்டு முடிந்து வந்த புருஷனிடம் கேட்டேன். “அது நான் வெச்ச செடி. அடி வாங்கி வெச்ச செடி. உங்க தம்பிக்கு அதைச் சொல்லுங்க.”

“வழக்கம்னு ஒண்ணு கீது இல்ல அகிலா. அவன் எதை எடுத்தாலும் நாம வாய் தொறக்கக் கூடாது” என்றார் அவர்.

சரி, வாய் திறக்கவில்லை. கத்தரியைத் திறந்தேன். எப்போதும் கார்த்திகை கடைசியில் செய்கிற கவாத்தை அந்த வருடம் ஐப்பசி முடிந்ததும் முடியாததுமாகத் தொடங்கினேன். முழங்காலுக்கு ஒரு சாண் கீழேயே வெட்டினேன். ஒரு இலை விடாமல் உருவினேன். வெட்டு வாயில் எப்போதும் தடவுகிற நீல மருந்தைத் தடவவில்லை. தோண்டின குழியில் அஞ்சாம் நாள் எருவும் செம்மண்ணும் போட்டு மூட வேண்டும், மூடவில்லை. வெட்டிய கிளைகளை அள்ளி வெளியே போடவும் இல்லை, செடிக்கு நடுவிலேயே காய்ந்து கறுக்க விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணூறு செடியும் வேர் தெரிகிற எண்ணூறு குச்சிகளாக நின்றன. எல்லாம் கவாத்துதான். கொஞ்சம் முன்கூட்டி, கொஞ்சம் அதிகமாக.

கமலக்கண்ணன் பைக்கிலிருந்து இறங்கி வரப்பில் நின்றான். பெரியவர்கள் நாலு பேர் கிணற்றடியில் இருந்தார்கள். எங்கள் பூவை வேனில் எடுத்துப்போகிற வியாபாரி சலீம் பாயும் சாட்சிக்காக வந்திருந்தார்.

“இன்னாண்ணி இது?”

“பாத்துக்கினுதானே கீறே” என்றேன்.

மஞ்சு ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தாள். குச்சி படக்கென்று ஒடிந்தது. “எல்லாம் செத்துப்போச்சாக்கா?”

நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வந்த அழுகை. அவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

பெரியவர்கள் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். சலீம் பாய் சொன்ன பதில்தான் சரியான பதில். “ஊரு முழுக்க மல்லி கீது. கவாத்து பண்ண செடி எது, செத்த செடி எதுன்னு தெரியாத ஒருத்தன் இந்த ஊர்ல பொறந்துக்கீறான்னு நாங்க எப்படிம்மா நெனைப்போம்? அவருக்கு மாம்பழம் புடிக்கும் போலன்னு இருந்துட்டோம்.”

கமலக்கண்ணன் நேராக அண்ணனிடம் போய்க் கன்னத்தில் அறைந்தான். பெரியவர்கள் முன்னால், மஞ்சு முன்னால். “நைனா பூமியை இன்னாடா பண்ணி வெச்சிக்கீறே? பொண்டாட்டி கையில குடுத்துட்டு நீ கம்பெனிக்கு போய்க்கினு இருந்தா இப்படித்தான் சாவும்!” இன்னொரு அறை. என் புருஷன் கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ‘இது கவாத்துடா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லவில்லை. தம்பி மாமரத்துப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார். “நீ பண்ணது தப்பு.”

“ஒரு பொய் சொன்னேனா நான்?”

“சொல்லல. அதான் தப்பு.”

அவர் கன்னத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மறுநாளே குழிக்கெல்லாம் எரு போட்டு மூடித் தண்ணீர் விட்டேன்.

தையில் முளை விட்டது. மாசியில் தழைத்தது. பங்குனியில் பூத்தது பாருங்கள், பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பூ நான் பார்த்ததில்லை. ஒட்ட வெட்டியதில் எண்ணூறு செடியும் புதுக் கிளையாக அடித்துக்கொண்டு வந்து, மொட்டு ஒவ்வொன்றும் திரண்டு நின்றது. சலீம் பாய் புத்தூருக்கும் கொண்டுபோனார். அங்கே மஞ்சுவின் அண்ணன், எந்த ஊர்ப் பூ இது என்று கேட்டிருக்கிறார். சலீம் பாய்க்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டார். கார்த்திகையில் கவாத்து நன்றாக அமைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். நானும் பூப்பறிக்க வந்த இரண்டு பெண்களும் தோட்டத்தில் இருந்தோம். சலீம் பாயின் வேன் ரோட்டில் நின்றது. கமலக்கண்ணன் வரப்பில் ஏறி வந்தான், கையில் அருவாள். மஞ்சு பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் புடவை ஒரு பக்கம் கிழிந்திருந்தது, வழியில் தடுத்திருக்கிறாள்.

அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் செடியை வெட்டினான். அடுத்ததை வெட்டினான். பூவும் மொட்டும் கிளையோடு பறந்து விழுந்தன. பறிக்க வந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. கூடையை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்து பல் ஒன்று ஆடியது. விழுந்த இடத்திலிருந்து அவன் காலைப் பிடித்துக் கடித்தேன். உதறினான். ஒரு உதை இடுப்பில் விழுந்தது, மூச்சு நின்றுவிட்டது.

“என்னை பைத்தியக்காரனாக்கிட்டியேடி! அண்ணனை அடிச்சேனே, பெரியவங்க முன்னால அடிச்சேனே!” அவன் அழுதுகொண்டே வெட்டினான். மூக்கிலிருந்து ஒழுகியது, துடைக்கவில்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனான்.

நான் மண்ணில் கிடந்தபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. அவன் நின்றுகொண்டு வெட்டுகிறான். கை வீச்சுக்கு எட்டுகிற இடத்தில், முழங்கால் உயரத்தில் வெட்டுகிறான். மடையன் கவாத்து செய்துகொண்டிருந்தான். இந்த ஒரு பருவத்துப் பூ போகும், அவ்வளவுதான். ஒரு செடியும் சாகாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் வாயில் உப்புக் கரித்தது, அதோடு சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் அவன் கை ஓய்ந்து தானே போயிருப்பான். தோட்டமும் எனக்கே இருந்திருக்கும். என் புருஷனும் முழுசாக இருந்திருப்பார். என் கோபம் என்னை விட்டதா?

“நல்லா வெட்டுடா, வெட்டு! கார்த்திகையில நான் பண்ணணும், நீ பங்குனியிலயே முடிச்சிக் குடுக்கறே!”

அவன் நின்றான். “இன்னா சொல்றே?”

“மேல வெட்டினா மல்லி சாவாதுடா, தறிக்காரப் பயலே! அன்னிக்கு நீ பாத்ததும் இதான். தூருல வெட்டணும், மண்ணோட மண்ணா. அங்க வெட்டினாதான் சாவும். அதுகூட தெரியாம நைனா பூமியாம், நைனா பூமி!”

அவன் பக்கத்தில் நின்ற செடியின் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தான்.

நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் புருஷன் ரோட்டிலிருந்தே ஓடி வந்திருக்கிறார். நீலச் சட்டை, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை. “வேணாண்டா கண்ணா, வேணாண்டா” என்று கத்திக்கொண்டே வந்து தம்பி காலடியில் விழுந்தார். அண்ணன் தம்பி காலில் விழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விழுந்தவர் தம்பியின் காலைப் பிடித்திருக்கலாம். அவர் கை நீட்டிச் செடியின் தூரைப் பொத்தினார். எனக்கு எது உயிர் என்று அவருக்குத் தெரியும். அருவாள் அதற்குள் இறங்கிவிட்டது.

வலது கை. கட்டைவிரலைத் தவிர நாலு விரலும்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். கமலக்கண்ணன் அருவாளைப் போட்டுவிட்டு “அண்ணே, அண்ணே” என்று தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையில் சுற்றினான். நான் எழுந்தேன். அருவாளை எடுத்தேன். அவன் முதுகு எனக்கு நேராக இருந்தது. ஓங்கி வீசினேன். கைப்பிடி ரத்தத்தில் வழுக்கிப் புரண்டு, மொட்டைப் பக்கம்தான் அவன் முதுகில் விழுந்தது. கூர்ப்பக்கம் விழுந்திருந்தால் அவனுக்கு அன்றைக்கே காரியம். மறுபடியும் ஓங்கினேன், சலீம் பாய் ஓடி வந்து என் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தார். கமலக்கண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தான்.

மஞ்சுதான் விரல்களைத் தேடினாள். உதிர்ந்து கிடந்த மொட்டுக்குள் கையை விட்டு அளைந்து அளைந்து தேடினாள். மூன்று கிடைத்தது. நாலாவது கிடைக்கவில்லை. ஈரத் துணியில் சுற்றி, பூவுக்காக வேனில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் பறந்தோம். வண்டி முழுக்க மல்லி வாசனை. புத்தூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மூன்று மணி நேரம் பார்த்தார்கள். எலும்பு நசுங்கிவிட்டது, ஒட்ட வைக்க வழியில்லை என்றார்கள். சாயங்காலம் அவருக்கு நினைவு தெளிந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

“கண்ணன் எங்க?”

“வெளியே உக்காந்துக்கினு அழுவறான். போலீஸ் வரட்டும். ஜெயில்ல களி துன்னட்டும்.”

“போலீஸ் வந்தா நானே கவாத்து பண்ணும்போது வெட்டிக்கினேன்னு சொல்லப்போறேன். நீயும் அதையே சொல்லு.”

“இன்னாத்துக்கு? உங்க நாலு விரலுக்கு அவன் பதில் சொல்ல வேணாமா?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “கத்தி அவனுது. எடத்தை காட்னது நீ” என்றார். “விரலு போச்சு அகிலா. தம்பியும் போவணுமா?”

மாமனார் அடித்தபோது எனக்கு அப்படி வலிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எங்கள் ஊர் ஸ்டேஷன் எஸ்.ஐ. வந்தார். நாற்பது வயது இருக்கும், பொறுமையான ஆள், பாதித் தெலுங்கு பாதித் தமிழில் பேசினார். என் புருஷன் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“கவாத்தா? பங்குனியிலயா?” என்று சிரித்தார். “எங்க மாமகாரும் மல்லி வெச்சிருக்காரு சந்திரன்காரு. பூ கொட்டற மாசத்துல எவன் கவாத்து பண்ணுவான்?”

என் புருஷன் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். என் உதட்டு வீக்கத்தைப் பார்த்தார். “நுவ்வு செப்பும்மா. என்ன நடந்துச்சு?”

கதவுக்கு வெளியே கமலக்கண்ணனின் செருப்பு தெரிந்தது. ஒரே வார்த்தை போதும். அவன் உள்ளே போவான், தோட்டம் எனக்கு இருக்கும், வெட்டின செடியெல்லாம் ஆடியில் தழைத்துவிடும்.

“கவாத்துன்னு அவரு தெரியாம சொல்றாரு சார்” என்றேன். “தோட்டத்துல வேர் அழுகல். பூ பூத்துக்கினு இருக்கும்போதே பட்டுப்போவுது. மேல வெட்டிப் பாத்தோம், கேக்கல. தூரோட எடுத்தாதான் மத்த தோட்டத்துக்குப் பரவாம இருக்கும். அதான் தூருல வெட்டச் சொன்னேன். அவரு ஒரு கையால புடிச்சிக்கினு இன்னொரு கையால வெட்டினாரு. வழுக்கிடுச்சு. எனக்கு இது விழுந்ததுல பட்ட அடி.”

“வலது கை போயிருக்கே. இடது கையாலயா வெட்டினாரு?”

“ஆமா சார். அவரு ரெண்டு கையாலயும் வேலை செய்வாரு.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். “வேர் அழுகல்னா தோட்டம் முழுக்கத்தானே எடுக்கணும்?”

“முழுக்கத்தான் சார்.”

“சரி. நாளன்னிக்குக் காலையில வந்து பாக்கறேன்” என்று நோட்டை மூடினார்.

நானே என் வாயால் எண்ணூறு செடிக்கும் நாள் குறித்துவிட்டேன். அன்று மத்தியானமே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். கோடாலியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். ஒரு நாள் பறிக்காமல் விட்டதில் மொட்டெல்லாம் விரிந்து தோட்டமே வெள்ளையாகக் கிடந்தது. முதல் செடியின் முன்னால் உட்கார்ந்து மண்ணைத் தோண்டினேன். தூரில் ஒரு வெட்டு, வேர்க்கட்டைக்குக் கீழே கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு. வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் எத்தனை தடவை வெட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது எனக்கு வலித்ததில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் வலித்தது. வலிக்க வலிக்க வேகமாக வெட்டினேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை, மாமனாரை, புருஷனை, கமலக்கண்ணனை, என்னை, எல்லோரையும் வரிசைக்கு ஒருவராகத் திட்டினேன்.

மறுநாள் காலை கமலக்கண்ணனும் மஞ்சுவும் வந்தார்கள். அவன் என் எதிரில் வந்து நின்று, “அண்ணி, நான் போய் ஒத்துக்கறேன். செடியை உடுங்க” என்றான்.

எழுந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். நின்றான். இன்னொன்று அறைந்தேன். அண்ணன் வாங்கிய இரண்டுக்கும் மேலே மூன்றாவதும் சேர்த்துக் கொடுத்தேன். என் உள்ளங்கை எரிந்தது. பிறகு கோடாலியை அவன் கையில் திணித்தேன்.

“ஒத்துக்கினு இன்னா கிழிக்கப்போறே? உங்கண்ணன் உன்னைத்தான் கேட்டாரு, செடியை கேக்கல. மண்ணுக்கு ரெண்டு விரல் கீழ வெட்டு. மேல உட்டா மறுபடி தழைஞ்சிடும்.”

அவன் வெட்டினான். மஞ்சு இழுத்துக் குவித்தாள். மூன்று பேருமாக வேலை செய்தோம். அன்றைக்கு அவன் அருவாளோடு நின்ற வரிசையில் ஒரு செடியடியில் மஞ்சு திடீரென்று வீறிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது விரல். எறும்பு மொய்த்திருந்தது. கமலக்கண்ணன் அதை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு போய் மாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, மறுபடி கோடாலியை எடுத்தான்.

சொன்ன நாளில் எஸ்.ஐ. வந்தார். தோட்டம் இருந்த இடத்தில் குழிகள் இருந்தன, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். வாடின பூவின் வாசனை ரோடு வரைக்கும் அடித்ததாம். அவர் குவியலைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு வேர்க்கட்டையை எடுத்தார், கையால் ஒடித்தார்.

அழுகின வேர் கறுத்து நூல் நூலாகப் பிரியும், நாறும். இது உள்ளே வெள்ளை வெளேரென்று, பால் பிடித்தாற்போல ஈரமாக இருந்தது. மல்லிக்காரரின் மருமகனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் வேரைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், கோடாலியோடு நின்ற கமலக்கண்ணனைப் பார்த்தார். மஞ்சு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. ஒடித்த வேரைக் குவியலுக்குள் ஆழமாகச் செருகினார். “நோய் வந்த செடியை இப்படிப் போட்டு வைக்கக் கூடாதும்மா” என்றார். “யார் கண்ணுலயும் படறதுக்கு முன்னால கொளுத்திடுங்க.”

ஜீப் போன பிறகு கமலக்கண்ணன் தீப்பெட்டியை நீட்டினான். நான்தான் வாங்கித் தீ வைத்தேன். எல்லாம் பச்சைக் கட்டை. டீசல் ஊற்றியும் பற்ற வெகுநேரம் ஆனது.